வாவிக்காற்றும் பில்லியர்ட்ஸ் மேசையும்

இலங்கையின் முதல் உலக வாகையர் கிரிக்கெட் மைதானத்திலிருந்து வரவில்லை. 1996இல் அர்ஜுன ரணதுங்க கிண்ணத்தைத் தூக்குவதற்கு 23 ஆண்டுகள் முன்பே, 1973இல், பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் எம்.ஜே.எம். லாபீர் முதலிடம் பெற்றுவிட்டார். இந்தியாவின் சதீஷ் மோகனுக்கு இரண்டாமிடம். இந்தியாவின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் உலக வாகையர் என்று கொண்டாடப்படும் வில்சன் ஜோன்ஸ், 1958இல் கல்கத்தாவில் வென்றதும் பில்லியர்ட்ஸ் மேசையில்தான்.

கல்கத்தா, பம்பாய், கொழும்பு மூன்றும் புழுக்கத்துக்குப் பேர்போன ஊர்கள். பில்லியர்ட்ஸ் மேசைக்கோ ஈரம் ஆகவே ஆகாது. மேலே விரித்திருக்கும் கம்பளித் துணி ஈரத்தைக் குடிக்கும், பந்து சோம்பிப்போகும், ஓரத்து ரப்பரின் துள்ளல் மாறும். இந்த விளையாட்டின் கடந்த 200 ஆண்டு வரலாற்றில் பெரும்பகுதி, வானிலை தொடமுடியாத மேசை ஒன்றைச் செய்துவிட மனிதர் பட்ட பாடுதான். அந்தப் பாடு எவ்வளவு பலித்தது என்று சோதிக்க மட்டக்களப்பு வாவிக்கரை மிகப் பொருத்தமான இடம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வந்து எல்லாவற்றையும் காயவைக்கும். கார்த்திகையில் வாடைக்காற்று வந்து எல்லாவற்றையும் ஊறவைக்கும். ஒரே ஊரில் இரண்டு காலநிலை.

ஸ்னூக்கர் பிறந்ததே ஒரு மழைக்காலத்தில். 1875இல் ஜபல்பூரில், மழையால் அடைபட்டுக் கிடந்த பிரித்தானிய இராணுவ அதிகாரிகளில் நெவில் சேம்பர்லைன் என்ற இளைஞர், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த ஆட்டம் ஒன்றில் கூடுதலாக நிறப் பந்துகளைச் சேர்த்தார். பின்னாளில் பிரதமரான சேம்பர்லைன் வேறு, இவர் வேறு. ஆட்டத்தின் விதிகள் எழுத்தில் வந்து சுவரில் தொங்கியது 1882இல், உதகமண்டலத்து கிளப்பில். நீலகிரியின் மூடுபனிக்குள். இன்று ஸ்னூக்கர் என்றதும் நினைவுக்கு வருவது ஷெஃபீல்டின் குரூசிபிள் அரங்கமும் ஸ்கொட்லாந்துக்காரர்களும். ஆட்டத்தின் தொட்டில் நம் பக்கத்தில் கிடந்தது.

லாபீர் உலகப் பட்டம் வென்ற பில்லியர்ட்ஸ் வேறு, ஸ்னூக்கர் வேறு. மேசை ஒன்றே. முன்னதில் மூன்றே பந்துகள். தன் பந்தால் மற்ற இரண்டையும் தொட்டாலும் புள்ளி, எதிர்ப்பந்தைக் குழியில் போட்டாலும் புள்ளி, எதிர்ப்பந்தில் பட்டுத் தெறித்துத் தன் பந்தே குழியில் விழுந்தாலும் புள்ளி. ஸ்னூக்கரில் தன் பந்து குழியில் விழுந்தால் அது குற்றம். 15 சிவப்புகளையும் ஆறு நிறப் பந்துகளையும் முறைப்படி குழிக்குள் அனுப்பவேண்டும். விதியில் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். பௌதிகத்தில் உள்ள வித்தியாசம் இதைவிடச் சுவையானது.

சமமான திணிவுள்ள இரண்டு பந்துகளில் ஒன்று அசையாமல் நிற்க, மற்றது உருண்டு வந்து மோதுகிறது. நின்ற பந்து எந்தத் திசையில் போகும் என்பது எளிது: மோதும் கணத்தில் இரண்டு பந்துகளின் மையங்களையும் இணைக்கும் கோட்டில் போகும். மோதிய பந்தின் கதை சிக்கலானது. மோதிய கணத்தில் அது மற்றதற்குச் செங்குத்தாக விலகும். ஆனால் உருண்டு வந்த சுழற்சி அதனிடம் அப்படியே மிச்சமிருக்கிறது. அந்தச் சுழற்சி துணியைப் பிடித்து, பந்தைப் பழைய திசைக்கு வளைத்து இழுக்கும். வளையும் பாதை ஒரு பரவளைவு. இதை 1835இலேயே கணக்குப் போட்டு ஒரு முழு நூலாக எழுதியவர் பிரெஞ்சுக் கணிதர் கொரியோலிஸ். சூறாவளி ஏன் சுழல்கிறது என்று பாடப்புத்தகத்தில் படிக்கும்போது வரும் அதே கொரியோலிஸ்தான்.

கணக்கின் விடை ஆச்சரியமானது. எதிர்ப்பந்தின் விளிம்பைக் குறிபார்த்து அடித்தால், அதாவது பாதிப் பந்து மறையும்படி மோதினால், எதிர்ப்பந்து 30 பாகை ஒரு பக்கம் போகும். மோதிய பந்து வளைவெல்லாம் முடிந்தபின் ஏறத்தாழ 34 பாகை மறுபக்கம் போகும். இப்போது குறி தப்புகிறது என்று வையுங்கள். பாதிக்குப் பதில் கால்வாசி, அல்லது முக்கால்வாசி பட்டுவிடுகிறது. எதிர்ப்பந்தின் திசை 49 பாகையிலிருந்து 14 பாகை வரை எங்கோ அலையும். மோதிய பந்தோ 27க்கும் 34க்கும் இடையில்தான் நிற்கும். கையில் பெரிய பிழை நேர்ந்தாலும், தன் பந்தின் பாதையில் ஏழு பாகை மாற்றம்கூட இல்லை.

பில்லியர்ட்ஸ் ஆடுபவர் வாழ்வது இந்தப் பெருந்தன்மையான கோணத்தில். தன் பந்தைத் தெறிக்கவைத்துக் குழியில் இறக்கும் அடியை அவர்கள் மீண்டும் மீண்டும் அடிக்க முடிவதற்கு இயற்கை கொடுத்த சலுகை அது. அதற்காக அந்த ஆட்டம் எளிது என்று நினைக்கவேண்டாம். சலுகையைப் பயன்படுத்த, ஒவ்வோர் அடிக்குப் பிறகும் மூன்று பந்துகளும் மறுபடி அதே அமைப்பில் வந்து நிற்கவேண்டும். லாபீரின் தலைமுறை அந்தப் பொறுமையில் பட்டங்களைக் குவித்தது. அன்று உலகப் போட்டிகளே இந்தப் பக்கம் தேடி வந்தன. 1967இலும் 1979இலும் கொழும்பில் நடந்தன.

ஸ்னூக்கர்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் எதிர்ப்பந்தை நம்பிப் பிழைப்பவர். பந்தின் விட்டம் 52.5 மி.மீ. மோதும் இடம் ஒரு மில்லிமீற்றர் பிசகினால், எதிர்ப்பந்தின் திசை ஒரு பாகைக்குச் சற்று மேல் பிசகும். இரண்டு மீற்றர் தள்ளி இருக்கும் குழியை அடையும்போது அந்தப் பிசகு 38 மி.மீ. ஆகிவிடும். மூலைக் குழியின் வாய் 85 – 90 மி.மீ. அகலம், பந்துக்குரிய இடம் போக, இரண்டு பக்கமும் கிடைப்பது 17 மி.மீ. வரை. ஆக, மோதும் இடத்தில் அரை மில்லிமீற்றர் தப்பினாலே பந்து வெளியே. இதற்கும் மேலாக, மூன்றரை மீற்றர் நீள மேசையில் தன் பந்து அந்த இடத்தை அடைவதே ஒரு பயணம்.

இந்த அரை மில்லிமீற்றரில் ஒரு வாழ்க்கையைக் கட்டியவர் ஸ்கொட்லாந்தின் ஸ்டீவன் ஹென்ட்ரி. 1969இல் பிறந்தார். 12 வயதில் நத்தார் பரிசாக ஒரு சின்ன மேசை வீட்டுக்கு வந்தது. 16 வயதில் தொழில்முறை ஆட்டக்காரர். 1990இல், 21 வயதில், ஜிம்மி வைட்டை 18–12 என்று வென்று உலகப் பட்டம். பிறகு 1992 முதல் 1996 வரை வரிசையாக ஐந்து, 1999இல் ஏழாவது. 1994இல் போட்டி நடக்கும்போதே ஹோட்டல் குளியலறையில் வழுக்கி விழுந்து கையில் எலும்பு முறிந்தது. அந்தக் கையோடு இறுதியாட்டத்தில் அதே ஜிம்மி வைட்டை 18–17 என்று மடக்கினார். ஏழு பட்டம் என்ற அவருடைய எண்ணிக்கையை 2022இல்தான் ரொனி ஓ'சலிவன் எட்டிப்பிடித்தார்.

பட்டங்களைவிட அவர் ஆட்டத்தை மாற்றிய விதம் முக்கியம். பழைய முறை, பாதுகாப்பாக ஆடி எதிராளி தவறுமட்டும் காத்திருப்பது. ஹென்ட்ரி தூரத்துப் பந்தைத் துணிந்து குழியில் போட்டு, அதே அடியில் தன் பந்தைச் சிவப்புக் கூட்டத்துக்குள் பாயவிட்டுச் சிதறடிப்பார். அடுத்த அடி எது என்று அவருக்கே உறுதியாகத் தெரியாது. சிதறலில் ஏதோ ஒன்று கிடைக்கும் என்ற கணக்கு. இப்படி ஆடுவதற்கு ஆட்டக்காரரின் துணிச்சல் மட்டும் போதாது. நேற்று ஓடியதுபோல இன்றும் ஓடும் துணி வேண்டும், ஒரே மாதிரித் துள்ளும் ரப்பர் வேண்டும், ஒன்றுக்கொன்று கிராம் பிசகாத பந்துகள் வேண்டும். எந்தப் பருவத்திலும் மாறாத மேசை கிடைத்த பிறகே ஹென்ட்ரி போன்ற ஒருவர் வரமுடிந்தது என்பது என் எண்ணம்.

அந்த மேசை ஒரு நாளில் வரவில்லை. ஆரம்பத்தில் மேசைப் பரப்பு மரப்பலகை. ஈரத்தில் நெளியும். 19ஆம் நூற்றாண்டில் லண்டன் மேசைத் தச்சர் ஜோன் தேர்ஸ்டன் கற்பலகைக்கு மாறினார். 1835இல் ஓரங்களுக்கு ரப்பர் கொண்டுவந்தார். குளிரில் அது கல்லாக இறுகியது. ஆட்டத்துக்கு முன் வெந்நீர் நிரப்பிய தகரப் பெட்டிகளை ஓரங்களில் வைத்துச் சூடாக்கி எடுத்தார்கள். கந்தகம் சேர்த்துப் பக்குவப்படுத்திய ரப்பர் வந்த பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது. அமேசன் காடுகளில் வளர்ந்த ரப்பர் மரத்தின் கன்றுகள் 1876இல் இலங்கைக்கு வந்து, கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்தில் வேர்விட்டன.

பந்துகளின் கதை சோகமானது. அவை யானைத் தந்தத்தில் கடையப்பட்டன. ஒரு தந்தத்தில் நாலைந்து நல்ல பந்து தேறினால் அதிர்ஷ்டம். தந்தம் ஒரு காலத்தில் உயிரோடிருந்த பொருள். காற்றின் ஈரத்துக்கேற்ப ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் வீங்கும். கோளம் மெல்ல மெல்லக் கோளமாக இல்லாமல் போகும். இலங்கையின் ஆண் யானைகளில் தந்தமுள்ளவை நூற்றுக்குப் பத்தும் தேறாது. அதனால் இந்த வியாபாரத்தின் கண் இங்குள்ளவற்றின் மேல் அவ்வளவாக விழவில்லை. வெள்ளைக்காரரின் வேட்டைத் துப்பாக்கி விழுத்தியது தனிக் கணக்கு. 1863இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று, தந்தத்துக்கு மாற்று கண்டுபிடிப்பவருக்கு 10,000 டொலர் என்று அறிவித்தது. அந்தத் தேடலில் ஜோன் வெஸ்லி ஹயட் பஞ்சிலிருந்து செய்த நைத்திரோசெலுலோசையும் கற்பூரத்தையும் சேர்த்துப் பிசைந்து செலுலோயிட் என்ற பொருளைப் பிடித்தார். பூசையறையில் எரியும் கற்பூரம்தான். பிளாஸ்டிக் யுகம் பில்லியர்ட்ஸ் பந்தில் தொடங்கியது என்று சொன்னால் பெரிய மிகையில்லை. இன்றைய பந்துகள் பீனோலிக் பிசினில் செய்தவை. ஈரத்தை அவை உள்ளே எடுப்பதில்லை.

கல் வென்றது, ரப்பர் வென்றது, பந்து வென்றது. தோற்றுக்கொண்டே இருப்பது துணி. கம்பளி நூல் தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நீரை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. ஆட்டுக்கு அது வரம், ஆட்டக்காரருக்குச் சாபம்.

சரி, வாவிக்கு வருவோம். மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை. முழு அளவு மேசை போட்டு, சுற்றி நின்று ஆட இடம்விட்டால் ஏறக்குறைய 100 கனமீற்றர். வெளியே 30 பாகை செல்சியஸ், ஈரப்பதன் 80 வீதம். வாவிக்கரையில் இது சாதாரண இரவு. இந்தக் காற்றின் ஒவ்வொரு கனமீற்றரிலும் 24 கிராம் நீராவி. அறை முழுக்கக் கூட்டினால் இரண்டு லீட்டருக்கு மேல் தண்ணீர், கண்ணுக்குத் தெரியாமல் மேசையைச் சுற்றி நிற்கிறது.

ஏசி போட்டால் போகாதா? போகும், ஓடிக்கொண்டிருக்கும் வரை. மேற்சொன்ன காற்றின் பனிபடுநிலை 26 பாகை. அறையை 22 பாகைக்குக் குளிர்த்திவிட்டு மின்சாரம் நின்றது, கதவைத் திறந்தோம் என்று வையுங்கள். வெளிக்காற்று உள்ளே வந்து குளிர்ந்த பந்தைத் தொட்டதும் அதன் மேல் நீர்ப்படலம் ஒடுங்கும். கற்பலகை தடிமனானது, குளிரை நெடுநேரம் விடாது. மூக்குக்கண்ணாடி மங்குவதைப் பார்த்த எவருக்கும் இது புரியும். பந்தோடு பந்து மோதும் நேரம் ஒரு செக்கனில் சில பத்தாயிரத்திலொரு பங்கு. அந்த இடைவெளியில் தொடும் புள்ளியில் சோக்குத் தூளோ அழுக்கோ ஈரமோ இருந்தால், வழுக்கிப் பிரியவேண்டிய பந்துகள் ஒரு கணம் ஒட்டிக்கொள்ளும். எதிர்ப்பந்து கோட்டை விட்டு விலகும். சில வேளை மேசையிலிருந்து இலேசாக எம்பும். ஆட்டக்காரர்கள் இதை ‘கிக்’ என்பார்கள். எவ்வளவு பெரிய வீரனுக்கும் இதற்கு மாற்று அடி கிடையாது.

குளிர்நாட்டுப் பெரிய போட்டிகளில் கற்பலகைக்கு அடியில் மின்சூடாக்கி பொருத்துகிறார்கள். மட்டக்களப்பில் மேசையைச் சூடாக்குவதா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் கணக்கு சிரிக்கவில்லை. அதே வாவிக்காற்று 40 பாகைச் சூட்டில் உள்ள ஒரு பரப்பை ஒட்டி நின்றால், அந்த மெல்லிய படையில் ஈரப்பதன் 80 வீதத்திலிருந்து 46க்கு இறங்கிவிடும். நீராவியின் அளவு அப்படியே இருக்கிறது. சூடான காற்றுக்கு அது போதவில்லை. துணி பிடித்துவைத்திருந்த நீரைத் தானாகவே விட்டுவிடும். குளிரவைப்பதைவிடச் சூடாக்குவதே இங்கும் சரியான வைத்தியம்.

இந்தக் கணக்கைத்தான் கச்சான் ஒவ்வோர் ஆண்டும் பெரிய அளவில் செய்துகாட்டுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் ஏறும்போது குளிர்ந்து, ஈரத்தை மேற்குச் சரிவுகளில் மழையாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது கிலோமீற்றருக்குப் பத்துப் பாகை வீதம் சூடேறுகிறது. ஏறும்போது குளிர்ந்தது அதைவிடக் குறைவு, ஏனென்றால் நீராவி மழையாக மாறும்போது வெப்பத்தைக் காற்றிலேயே விட்டுவிட்டது. ஆகவே வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையைக் கடந்து கிழக்கே உள்ள எழுவான்கரையை அடையும் காற்று, புறப்பட்டதைவிடச் சூடானது, உலர்ந்தது. அல்ப்ஸ் மலையடிவாரத்தில் இதே காற்றுக்கு ஃபோன் என்று பெயர். இரண்டும் ஒரே இயந்திரம். பிறகு கார்த்திகை முதல் தை வரை வாடை. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்தச் சில மாதங்களில் விழுந்துவிடும். வாவியின் முகத்துவாரம் உடைத்துப் பாயும் அந்த நாட்களில் கம்பளித் துணியின் பாடு தெரிந்ததே.

ஆனால் வாவிக்கரை ஊர்களின் உண்மையான மேசை விளையாட்டு ஸ்னூக்கர் அல்ல, கரம் (கேரம்). வாசிகசாலையிலும் விளையாட்டுக் கழகத்திலும் வீட்டு விறாந்தையிலும் பலகை இருக்கும். ஸ்னூக்கர் மேசையின் விலை அதற்குத் தேவையில்லை, பௌதிகத்திலோ குறைவில்லை. அதற்கும் உலகப் போட்டி உண்டு. முதல் வாகையர் 1991இல் சென்னையின் மரிய இருதயம், 1995இலும் அவரே. 2012இல் இலங்கையின் நிஷாந்த பெர்னாண்டோ.

ஸ்னூக்கருக்கும் கரத்துக்கும் முதல் வேறுபாடு திணிவு. விரலால் சுண்டி அடிக்கும் வட்டான ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை. காய் ஐந்து கிராமுக்குச் சற்று மேல். மூன்றுக்கு ஒன்று. ஸ்னூக்கரில் பந்து நேராக மோதினால் தன் வேகம் முழுவதையும் கொடுத்துவிட்டு அப்படியே நின்றுவிட முடியும். கரத்தில் ஸ்ட்ரைக்கர் நேராக மோதினால் தன் வேகத்தில் ஏறக்குறைய பாதியை வைத்துக்கொள்ளும், காயோ ஸ்ட்ரைக்கர் வந்ததைப்போல் ஒன்றரை மடங்கு வேகத்தில் பறக்கும். உந்தத்தைக் கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். அதனால்தான் காயைப் போட்டபின் ஸ்ட்ரைக்கரும் குழிக்குள் போகாமல் பார்ப்பது கரத்தில் பெரிய பாடு. இன்னொரு விடயம்: எவ்வளவு ஓரமாக மோதினாலும், மூன்று மடங்கு கனமான ஸ்ட்ரைக்கர், நிற்கும் ஒரு காயில் பட்டு 19.5 பாகைக்கு மேல் திசைமாற முடியாது. இது ஆட்டக்காரரின் விரலைப் பொறுத்ததல்ல, திணிவின் விகிதத்தைப் பொறுத்தது.

இரண்டாவது வேறுபாடு, கரத்தில் எதுவும் உருள்வதில்லை, எல்லாம் வழுக்கும். வழுக்கவைப்பது போறிக் அமிலப் பவுடர். அதன் பளிங்கு மெல்லிய தட்டுகளால் ஆனது. தட்டுகளுக்கு இடையிலான பிடி மிகவும் பலவீனமானது, ஒன்றன்மேல் ஒன்று எளிதில் நழுவும். ஈரம் ஏறினால் தூள் கட்டிபட்டு, நழுவ வேண்டியது இழுக்கத் தொடங்கும். ஒட்டுப்பலகையும் ஓரத்திலிருந்து ஈரத்தை உறிஞ்சி வில்லாக வளையும். பலகைக்கு மேலே தாழத் தொங்கும் குண்டு பல்ப் வெளிச்சத்துக்காக வந்தது என்றாலும், மின்சாரத்தில் பெரும்பங்கை வெப்பமாகவே கொட்டும் அந்தப் பழைய பல்ப், ஷெஃபீல்டின் சூடாக்கி கீழிருந்து செய்வதை மேலிருந்து கொஞ்சம் செய்தது. எல்ஈடி வந்து மின்கட்டணத்தைக் குறைத்தது. அந்த வெப்பத்தையும் கொண்டுபோய்விட்டது.

வழுக்கும் வட்டு என்பதால் கரம் பலகைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. சம திணிவுள்ள இரண்டு பொருள்கள் சாய்வாக மோதினால் ஒன்றுக்கொன்று 90 பாகையில் பிரியும் என்று பாடப்புத்தகம் சொல்லும். பில்லியர்ட்ஸ் பந்தில் உருளும் சுழற்சி குறுக்கிட்டு அதை 64 பாகைக்குக் குறைத்துவிடுவதை மேலே பார்த்தோம். கரத்தில் குறுக்கிட உருளல் இல்லை. ஒரே எடையுள்ள இரண்டு ஸ்ட்ரைக்கர்களை எடுத்து, ஒன்றை நடுவில் வைத்து மற்றதால் சாய்வாக அடித்தால், பவுடரில் விழும் இரண்டு கோடுகளுக்கும் நடுவே பாகைமானி வைத்து அளந்துகொள்ளலாம்: 90க்குச் சற்றுக் குறைவாக நிற்கும். குறையும் அந்தச் சில பாகை, மோதலில் சத்தமாகவும் வெப்பமாகவும் போன சக்தியின் அளவைச் சொல்லும். அடுத்து ஒரு ஸ்ட்ரைக்கரும் ஒரு காயும்; ஸ்ட்ரைக்கரின் கோடு 19.5 பாகையைத் தாண்டுகிறதா என்று பார்க்கலாம். காய் ஐந்து கிராமைவிடக் கொஞ்சம் கனமென்றால் எல்லை 21 பாகை வரை நகரும். இதே அடியை ஆடியில் ஒரு தடவையும் மார்கழியில் ஒரு தடவையும் அடித்தால் கோணம் பெரிதாக மாறாது, கோட்டின் நீளம்தான் மாறும்.